கரை வேண்டாம் என்று சொன்ன சேலை

எங்கள் போதகரின் மனைவியைப் போதகரம்மா என்றுதான் கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை மணி அடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னதாகவே அவர் கோயில் வாசலில் வந்து நின்றுவிடுவார். கையில் ஒரு துணிப்பை இருக்கும். அதற்குள் ஊக்கு, ஊசி, வெள்ளை நூல், இரண்டு கைலேஞ்சி. சட்டைக் கழுத்து இறங்கியிருந்தால் ஊக்கு. கவுனின் விளிம்பு அவிழ்ந்திருந்தால் அங்கேயே நிற்க வைத்துத் தையல். முகத்தில் எதையாவது பூசிக்கொண்டு வந்தவளுக்கு, துடைக்கச் சொல்லிக் கைலேஞ்சியை நீட்டுவார். கவுன் முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் இறங்க வேண்டும். சட்டைக் கை முழங்கையை மூட வேண்டும். கூந்தலில் பூ கூடாது. எல்லாவற்றுக்கும் வேதத்தில் வசனம் வைத்திருந்தார். அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு உள்ளே போனவள் கல்முனையில் எவளும் இல்லை. முயன்று பார்த்தவள் நான், அதனால் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்குப் பதினாறு வயது. அலங்காரப் பைத்தியம் தலைக்கு ஏறியிருந்தது. அந்த வருடத்துக்கு முந்திய நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, சந்தையில் வாங்கிய சிவப்புச் சாட்டின் ரிப்பனைப் பின்னலில் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். "ஆர் கட்டிவிட்டது?" என்று போதகரம்மா கேட்டார். "அம்மா" என்றேன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அம்மா எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும் போதகரம்மா முதலில் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார், அதன் பிறகுதான் நம்புவதா இல்லையா என்று முடிவு செய்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அந்த வருடம் நாங்கள் ஆறு பெண்கள் திடப்படுத்தலுக்குப் படித்துக்கொண்டிருந்தோம். சபை நடுவில் நின்று விசுவாசத்தை வாயால் அறிக்கையிட்டு, முதன்முதலாகத் திருவிருந்தில் சேரும் நாள் அது. கவுனை விட்டுச் சேலைக்கு மாறும் நாளும் அதுதான். எனக்கு இரண்டாவதில்தான் கண். ஆனால் போதகரம்மா ஒரு கட்டளை போட்டார். ஆறு பேரும் முழு வெள்ளைச் சேலை உடுக்க வேண்டும், கரை கூடாது, லேஸ் கூடாது. சேலைகளை வெள்ளிக்கிழமையே தன்னிடம் ஒப்படைத்துவிட வேண்டும், ஞாயிறு காலை தானே எடுத்துத் தருவதாகச் சொன்னார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. முந்திய வருடம் கடைக்கார முதலாளி ஒருவரின் மகள் லேஸ் வைத்த பட்டில் வந்தாள். கோயிலைக் கூட்டித் துடைக்கிற அம்மாவின் மகள் சாயம் போன பழைய சேலை ஒன்றில் வந்தாள். வாசலில் நின்று மற்றவர்களைப் பார்த்தாள், பேசாமல் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். அந்த வருடம் அவள் திடம் பெறவில்லை. எங்கள் ஆறு பேரில் இப்போது அவளும் ஒருத்தி. கட்டளை யாருக்காக என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும், வாழ்க்கையில் முதல் சேலை, அதுவும் மொட்டைச் சேலையா என்று தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன்.

அம்மா மருத்துவிச்சி வேலை பார்த்தார். ஊரில் எல்லோரும் மிஸி என்பார்கள். அப்பா இறந்து மூன்று வருடமாகியிருந்தது. நான் திருவிருந்து மேசைக்கு முன்னால் நிற்பதைப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் அதற்குப் பிறகு அம்மா வாய்விட்டுச் சொன்ன ஆசை. மற்றப் பெண்களின் வீடுகளில் சேலையைக் கடையில் வாங்கினார்கள். எங்களுக்கு மட்டும் மருதமுனையில் ஒரு தறிக்காரர் நெய்து தருவேன் என்று நின்றார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அம்மாவின் கையில் பிறந்தவை. மூத்தது கால் முன்னால் வந்த பிரசவம், தாயும் பிள்ளையும் பிழைத்ததே பெரிய காரியம். "மிஸிட மகளுக்கு நாங்க நெய்யாம வேற ஆரு நெய்யிற?" என்று அவர் மனைவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவரை நான் ராத்தா என்று கூப்பிடுவேன். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அளவு சொல்ல நானும் அம்மாவோடு போனேன். முழு வெள்ளை, கரை வேண்டாம் என்று அம்மா சொன்னதும் தறிக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"கரை இல்லாமலா மிஸி?"

"ஓம் தம்பி."

"சின்னக் கரை ஒண்டாவது?"

"வேணாம். எங்கட கோயில்ல அப்பிடித்தான் கட்டளை."

அவர் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருந்த பா நூலை விரலால் தடவிக்கொண்டு நின்றார். கரை என்பது பிறகு நினைத்து வைக்கிற சங்கதி இல்லை. பா போடும்போதே கரை நூலை இரண்டு ஓரத்திலும் இழுத்து வைத்துவிட வேண்டும். அது எனக்கும் தெரியும். அதனால்தான் அன்றைக்கே காரியம் பார்த்தேன். அம்மா பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், அடுக்களைக்குள் நுழைந்து ராத்தாவின் காதில், "ராத்தா, ஒரு சின்னக் கரை போடச் சொல்லுங்க. நீலத்தில. ஆருக்கும் தெரியாம" என்றேன். ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார்.

சேலை என் கைக்கு வந்தால் இராவோடு இராவாக அதில் எதையாவது தைத்துவிடுவேன் என்று அம்மாவுக்குப் பயம். நேரே போதகர் வீட்டில் கொடுக்கும்படி தறிக்காரரிடம் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைசி வகுப்பு முடிகிற நேரத்தில் அவர் சைக்கிளில் வந்து, பழைய பேப்பரில் சுற்றிய பொதியைக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அங்கே இல்லை. சவளக்கடை என்ற ஊரில் ஒரு பிரசவம் என்று மத்தியானமே வண்டி வந்து கூட்டிப் போயிருந்தது. போதகரம்மா பொதியை எங்கள் ஆறு பேருக்கும் முன்னால் பிரித்தார்.

நல்ல வெள்ளை. இரண்டு ஓரத்திலும், சுண்டு விரல் அகலம்கூட இல்லாமல், மெல்லிய நீலக் கரை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. முதலில் எனக்கு வந்தது பயமில்லை. சந்தோஷம். அதை ஒளிக்க எனக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, போதகரம்மா சேலையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"நீ கேட்டனியா?"

"இல்லை."

"வடிவா யோசிச்சுச் சொல்லு."

"இல்லை அம்மா. நான் கேக்கவே இல்லை."

அவர் வழக்கம்போல அம்மாவின் முகத்தைத் தேடினார். அம்மா நிற்க வேண்டிய இடத்தில் கதவுதான் இருந்தது. மற்றப் பெண்கள் குனிந்துகொண்டார்கள். கோயில் கூட்டுகிற அம்மாவின் மகள் மட்டும் குனியவில்லை, அந்தக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலமை நானும் நீயும் அந்த வீட்டுக்குப் போவம்" என்றார் போதகரம்மா. "உண்மை என்னெண்டு தெரியாமல் உன்னை ஞாயிற்றுக்கிழமை நிப்பாட்ட மாட்டன். கரைக்காக இல்லை, பிள்ள. ஆண்டவருக்கு முன்னால வாயைத் திறக்கப் போற ஆள் நீ."

அம்மா விடியற்காலை திரும்பினார். பிரசவம் பார்த்த களைப்பில் காலை நீட்டி உட்கார்ந்தபடியே நடந்ததைக் கேட்டார். "உண்மையைச் சொல்லிடு மகள்" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. நான் அம்மாவுக்கும் இல்லை என்றுதான் சொன்னேன். முந்திய நாள் சொன்னதைத் திருப்பி எடுக்கிற துணிவு வரவில்லை.

கல்முனையிலிருந்து பாண்டிருப்பைக் கடந்து மருதமுனைக்கு நடந்தோம். போதகரம்மா கறுப்புக் குடையை என் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார். அது இன்னும் வேதனையாக இருந்தது. ராத்தாவிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும், என் கதை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் நிற்பார்கள், அம்மா வீட்டில் இருப்பார், ஏன் என்று கேட்கிறவர்களுக்கு எல்லாம் அம்மாதான் பதில் சொல்ல வேண்டும். மருதமுனைக்குள் நுழைந்ததும் வீட்டுக்கு வீடு தறிச்சத்தம் கேட்கத் தொடங்கியது.

போதகரம்மாவைக் கண்டதும் தறிக்காரர் தறியை நிறுத்திவிட்டு எழுந்து, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைச் சரிசெய்துகொண்டு, பார்வையைத் தரையில் வைத்து ஒதுங்கி நின்றார். போதகரம்மாவும் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். அடுக்களை வாசலுக்கு வந்த ராத்தாவும் முக்காட்டை இழுத்துக்கொண்டார். இருவருடைய கையும் ஒரே மாதிரிப் போய் ஒரே மாதிரித் திரும்பியதை அந்தப் பயத்திலும் நான் கவனித்தேன்.

"கரை வேணாம் எண்டு சொன்னதா இவட அம்மா சொன்னவ" என்று போதகரம்மா தொடங்கினார்.

"ஓம் அம்மா. மிஸி வேணாமெண்டுதான் சென்னாங்க. நான்தான் கேக்கல்ல. தப்பா நெனைக்காதீங்க."

"ஏன் போட்டீங்க?"

அவர் மேலே கட்டியிருந்த நூற்கண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரையில்லாத முழு வெள்ளப் புடவ எங்களுக்குச் செத்தவங்கட மையித்துக்குச் சுத்துற கபன் அம்மா. மத்தவங்க எப்பிடியோ தெரியா, உசிரோட இரிக்கிற ஆளுக்கு அத நெய்ய என்ட கைக்கு ஏலாது. ஏலுமா எண்டு பாத்தன். வெள்ள நூல மட்டும் இழுத்து வெச்சிட்டு ரெண்டு நாள் அதையே பாத்துக்கிட்டு இருந்தன். குமருப் புள்ள. முதமுதலா உடுக்கிற புடவ. என்ட ரெண்டு புள்ளையளையும் உசிரோட என்ட கையில தந்தவங்க மிஸி. அவங்கட புள்ளைக்கு நான் கபன் நெய்யிறதா? பொறகு அந்தப் புள்ளைக்கு நல்ல ஹயாத்தக் குடு, நெடுங்காலம் இரிக்க வையி எண்டு அல்லாஹ்ட்டக் கேட்டுட்டு இந்த நீல நூல ஓரத்தில வெச்சன். ஒங்கட கோயிலுக்குச் சரிவராட்டி வெட்டிப் போடுங்க அம்மா. எனக்குக் கோவமில்ல."

தான் போட்ட கட்டளையில் இப்படி ஒரு பக்கம் இருக்கும் என்று போதகரம்மா கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

பிறகு தறிக்காரரிடம், "இந்தப் பிள்ளை கரை போடச் சொல்லி உங்களிட்டக் கேட்டவளா?" என்றார்.

"இந்தப் புள்ளையா? என்னோட ஒரு சொல்லுக் கதைக்கல்லியே அம்மா."

நான் ராத்தாவைப் பார்த்தேன். ராத்தாவும் என்னைப் பார்த்தார். பிறகு, தேத்தண்ணி கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டார். எப்பேர்ப்பட்ட மனுஷி, என் பெயரைச் சொல்லாமலே அவரைக் கரை போட வைத்து, என்னை மறைத்துவிட்டார் என்று நினைத்தேன். உயிர் திரும்பி வந்தது. தேத்தண்ணியை மூன்று மடக்கில் குடித்து முடித்தேன்.

திரும்பும் வழியில் பாண்டிருப்பு அம்மன் கோயில் மதிலோரம் நிழல் கண்ட இடத்தில் போதகரம்மா நின்றார். மீன் கூடைகளோடு சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. குடையை மடக்கினார். அவ்வளவு பேர் போய்வருகிற தெருவில், என்னை நேருக்கு நேர் பார்த்து, "பிள்ள, நேற்று அவ்வளவு பேருக்கும் முன்னால உன்னைப் பொய்க்காரி ஆக்கிப்போட்டன். என்னை மன்னிச்சுக்கொள். பின்னேரம் அந்தப் பிள்ளையளுக்கு முன்னாலயும் கேக்கிறன்" என்றார்.

அந்தக் காலத்தில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டு நான் கண்டதில்லை. கன்னத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க என்னால் முடியவில்லை.

"நான் கேட்டனான் அம்மா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அவரிட்ட இல்லை. ராத்தாட காதுக்குள்ள. அவ எனக்காக மறைச்சவ."

போதகரம்மா குடையைத் திரும்ப விரித்தார். நடக்கத் தொடங்கினார். நான் பின்னால் போனேன். கொஞ்சத் தூரம் போன பிறகு திரும்பாமலே கேட்டார்.

"எத்தினை தரம் இல்லை எண்டு சொன்னனி?"

நேற்று இரண்டு, விடிய அம்மாவிடம் ஒன்று. "மூண்டு."

"ஆண்டவரைத் தெரியாது எண்டு மூண்டு தரம் சொன்ன அப்போஸ்தலரையே அவர் தள்ளிவிடல்ல. முதல்ல அம்மாட்டப் போய்ச் சொல்லு. பிறகு வீட்டுக்கு வா, வேலை கிடக்கு."

அம்மாவிடம் சொன்னேன். "எனக்குத் தெரியாதா" என்று ஒரு பெருமூச்சு விட்டார், பிறகு தலையைத் தடவிச் சோறு போட்டார். சாப்பிட்டுவிட்டுப் போதகர் வீட்டுக்குப் போனபோது, மேசையில் கையால் சுற்றுகிற தையல் மெஷின் ஏற்றியிருந்தது. பக்கத்தில் நீல நூல்கட்டை. அலுமாரியிலிருந்து மற்ற ஐந்து சேலைகளும் வெளியே வந்திருந்தன.

"எல்லாரும் ஒரே மாதிரி நிக்கவேணும் எண்டதுதான் கட்டளை" என்றார் போதகரம்மா. "அதுக்காகத்தான் கரை வேணாமெண்டு சொன்னனான். அந்த மனுசன் உனக்காகக் கும்பிட்டு வச்ச நூலை வெட்ட நான் ஆர்? ஐஞ்சிலயும் போடுவம். நீ சக்கரத்தைச் சுத்து."

சுற்றினேன். ஒவ்வொரு சேலைக்கும் மேல் ஓரம், கீழ் ஓரம் என்று நெருக்கமாக இரண்டு வரி நீலத் தையல் ஓடியது. மூன்றாவது சேலையில் தோள் கழன்று விழும் போல இருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. இவ்வளவு பாடுபட்டு எனக்கு மட்டும் கிடைத்த கரை, இப்போது எல்லாருக்கும் ஆகிவிட்டதே என்று. கடைசியாக வந்தது கோயில் கூட்டுகிற அம்மாவின் மகளுடைய சேலை. அதில் தையல் கோணாமல் ஓட வேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். எரிச்சல் அதோடு போய்விட்டது. பின்னேரம் பெண்கள் வந்ததும், போதகரம்மா வாய் திறப்பதற்கு முன்னால் நானே எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன்.

ஞாயிறு காலை ஆறு பேரும் வெள்ளையில் நீல ஓரத்தோடு நின்றோம். யாருடையது நெய்த கரை, யாருடையது தைத்த கரை என்று எட்ட இருந்து பார்த்த ஒருவருக்கும் தெரியாது. அம்மா முன் வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை, நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பத்தை வாங்க நான் நீட்டிய கையில், முந்திய நாள் சக்கரம் சுற்றிய வலி இன்னும் இருந்தது.

போதகரம்மாவின் ஊக்குகளையும் நான்கு விரல் கணக்கையும் பற்றிப் பிற்காலத்தில் எத்தனையோ பேர் சிரிக்கக் கேட்டிருக்கிறேன். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஆனால் ஒரு பெண்ணை வாசலோடு திரும்பிப் போகவிடக் கூடாது என்று கட்டளை போட்டவர் அவர், அந்தக் கட்டளையை இன்னொருவரின் பயத்துக்காகத் தன் கையாலேயே மாற்றித் தைத்தவரும் அவர். அவருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் பெரியது.

அடுத்த வாரம் ராத்தாவிடம் தனியாகப் போனேன். அம்மா செய்துகொடுத்த கேக் துண்டுகள் கையில் இருந்தன. தறி ஓடிக்கொண்டிருந்தது, நாங்கள் அடுக்களையில் இருந்தோம்.

"ராத்தா, அண்டைக்கு நீங்க என்னைக் காட்டிக் குடுக்கல்ல. நான் அதுக்காகத்தான் வந்த" என்றேன்.

"என்னத்தக் காட்டிக் குடுக்கிற?"

"நான் கரை கேட்டதை. நீங்க அவரிட்டச் சொல்லித்தானே அவர் போட்டவர்?"

ராத்தாவின் கண்கள் விரிந்தன. "என்ட றப்பே! நான் அத அவரிட்டச் சொல்லவே இல்லியே. குமருப் புள்ள என்ட காதுக்குள்ள சென்ன உடுப்புக் கதைய ஒரு ஆம்புளைக்கிட்டக் கொண்டு போய்ச் சொல்லுவனா நான்? ஒங்கட அம்மா வேணாமெண்டு சென்னதுக்குப் பொறகு?"

"அப்ப அவர் போட்டது?"

"அவரு போட்டது அவரு சென்ன காரணத்துக்குத்தான் புள்ள. அந்த ரெண்டு நாளும் அவரு ஒழுங்காச் சோறு தின்னல்ல."

அந்தக் கரையை நான் களவாகப் பெற்றுக்கொண்டேன் என்று நினைத்திருந்தேன். என் களவு அடுக்களையைத் தாண்டவே இல்லை. நான் என் அழகுக்காகக் கிசுகிசுத்துக்கொண்டிருந்த அதே நாளில், நாலடி தள்ளி ஒரு மனிதர் என் உயிருக்காகக் கவலைப்படத் தொடங்கியிருந்தார். அதுவும் நான் கேட்காமலே. அழுகை வந்துவிட்டது. ராத்தா பயந்துபோய், "ஏன் புள்ள, என்ன செஞ்ச நான்?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். "நல்லாயிருக்கு ராத்தா, சேலை சரியான நல்லாயிருக்கு" என்று அழுதுகொண்டே சொன்னேன். அவர் தறிப்பக்கம் திரும்பி, "இஞ்ச கேளுங்க, புள்ளைக்குப் புடவ புடிச்சிரிக்காம்" என்று சத்தமாகச் சொன்னார். தறி ஒரு கணம் நின்றது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனுக்கு நன்றி சொல்லும் ஒரு குரல் வந்தது. பிறகு தறி மறுபடி ஓடத் தொடங்கியது.